750 பிபிஎம் பாதுகாப்புக் கோடு அல்ல

"அண்டார்டிகாவில் பனி பிடித்தபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு 750 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 750 பங்கு). இப்போது 420 சொச்சம்தான். 750 வரும்வரை பனிக்கு என்ன ஆகிவிடும்?" பருவநிலை பற்றிய எந்தப் பதிவைத் திறந்தாலும் பின்னூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். அந்த எண்ணில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. ஏன் என்று புரிய, பனிப்படலம் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து வர வேண்டும்.

துருவத்தில் இருப்பதால் மட்டும் ஒரு கண்டத்தில் பனிப்படலம் வந்துவிடாது. அண்டார்டிகா ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளாகத் தென்துருவத்தை ஒட்டியே இருக்கிறது. பெரிய பனிப்படலம் வந்ததோ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மேற்கு அண்டார்டிகக் கடலடியில் 2017இல் துளையிட்டு எடுத்த சேற்றில், 9 கோடி ஆண்டு பழைய காட்டின் வேர்கள் நின்ற நிலையிலேயே கிடைத்தன. 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புகூட அந்தக் கண்டத்தின் கரையில் பனைக் குடும்பத்து மரங்கள் இருந்ததற்கு மகரந்தச் சான்று உண்டு.

பனிப்படலத்தை முடிவு செய்வது குளிர்காலம் அல்ல, கோடைக்காலம். குளிர்காலத்தில் எவ்வளவு பெய்தாலும் கோடையில் எல்லாம் உருகிவிட்டால் கணக்கு பூஜ்யம். கோடை தாண்டியும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், மறு வருடம் அதன்மேல் பெய்ய வேண்டும். மேல் எடை அழுத்த அழுத்தக் கீழுள்ள பனி இறுகுகிறது. கன மீட்டருக்கு 350 கிலோ இருந்தது 830 கிலோவை எட்டும்போது துகள்களுக்கு இடையே ஓடிய காற்று வழிகள் அடைபட்டு, காற்று குமிழ்களாகச் சிறைப்படுகிறது. இன்றைய அண்டார்டிகாவில் இது பெரும்பாலும் 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் நடக்கிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கட்டிப் பனி. தடிமன் ஏறியதும் அது தன் எடையிலேயே பள்ளத்தை நோக்கி நகர ஆரம்பிக்கிறது.

முதலில் பனி தங்கியது மலை உச்சிகளில். கிழக்கு அண்டார்டிகாவின் நடுவே, இன்று முழுக்கப் பனிக்கடியில் புதைந்து கிடக்கும் காம்புர்ட்சேவ் மலைத்தொடரை 1958இல் சோவியத் பயணக்குழு கண்டறிந்தது. அங்கே தொடங்கிய பனியாறுகள் கீழிறங்கி ஒன்று சேர்ந்தன. அதன்பின் இரண்டு விஷயங்கள் வேகம் கூட்டின. காடும் பாறையும் வாங்கிக்கொண்ட வெயிலில் பெரும்பகுதியை வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பியது. பனி தடிக்கத் தடிக்க அதன் மேற்பரப்பு உயரத்துக்குப் போனது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். ஆக, பனி தன்னைக் காக்கும் குளிரைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

இதற்கு வழிவிட்டது காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல இறங்கி வந்த அளவு 750ஐ ஒட்டி வந்தபோது, பூமியின் சுற்றுப்பாதையும் வட்டத்தை நெருங்கியிருந்தது, அச்சின் சாய்வும் அதிகம் ஊசலாடவில்லை. பனியைக் கரைக்கும் அளவுக்கு வெப்பமான கோடை நீண்ட காலம் வரவில்லை. பசிபிக் கடலடி மண் காட்டும் கணக்கு இதுதான்: பனி வளர்ச்சியில் தலா 40,000 ஆண்டு நீண்ட இரண்டு தாவல்கள், நடுவே சுமார் 2 லட்சம் ஆண்டு இடைவெளி. கண்டம் முழுக்கப் பனி மூட அதுவே போதுமாக இருந்தது.

அந்தக் கணக்கைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆதாரம் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடு. ஆக்சிஜனில் எடை கூடிய வகையான ஆக்சிஜன்-18 பனியில் குறைவாகவே சேரும். எனவே நிலத்தில் பனி சேரச் சேரக் கடல்நீரிலும், அதிலிருந்து உருவாகும் ஓட்டிலும் அதன் பங்கு ஏறும். ஆனால் நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் அதே பங்கு ஏறும். 3.4 கோடி ஆண்டு எல்லையில் ஏற்றம் ஆயிரத்தில் சுமார் ஒன்றரை. இன்றைய துருவப் பனி முழுவதும் உருகினாலும் மாற்றம் ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் மீதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் வெப்பநிலையைத் தனியாக அளக்க ஓட்டிலுள்ள, வெப்பத்தோடு ஏறும் மெக்னீசியத்தைப் பார்த்தபோது ஆழ்கடல் குளிர்ந்ததாகவே தெரியவில்லை. காரணம் பின்னர்தான் புரிந்தது: அதே சமயத்தில் பசிபிக்கில் சுண்ணாம்பு கரையாமல் தங்கும் எல்லை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழிறங்கி, கடல்நீரின் வேதியியலே மாறிவிட்டது. அந்த மாற்றம் மெக்னீசிய அளவை ஏற்றி, குளிர்ச்சியை மறைத்துவிட்டது. தான்சானியாவில் ஆழமில்லாத கடலில் படிந்த மண்ணைப் பார்த்தபோது குளிர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. ஒரே அளவுகோலை நம்பி வரைபடத்தைப் பகிர்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாடநூல்களில் இன்னும் நிற்கும் விளக்கம் வேறு. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் விலகியதும் கடல் நீரோட்டம் அண்டார்டிகாவைச் சுற்றி வளைத்து வெப்பத்தைத் தடுத்தது என்பது கடலாய்வாளர் ஜேம்ஸ் கென்னட் 1977இல் முன்வைத்த கருத்து. அழகான கருத்துதான், ஆனால் முதல் காரணமாக அதைச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டாஸ்மேனியா பக்கத்து வழி பனிக்குச் சுமார் 20 லட்சம் ஆண்டுகள் முன்பே ஆழப்படத் தொடங்கிவிட்டது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை எப்போது ஆழமாகத் திறந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கோடிக்கணக்கான ஆண்டு வித்தியாசம். டிகான்டோ, போலார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் செய்த கணினி மாதிரியில், கார்பன் டை ஆக்சைடு இறங்கினால் கடல்வழி மூடியிருந்தாலும் பனி வளர்கிறது, சற்றுத் தாமதமாக. கடல்வழிக்குத் துணைப் பாத்திரம்தான்.

இப்போது அந்த 750க்கு வருவோம். அது கிழக்கு அண்டார்டிகாவின் உயர்ந்த தரையில் பனி வளரத் தேவைப்பட்ட எண். உருகுவதற்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும், ஏனென்றால் பனியின் மேற்பரப்பு இப்போது குளிர்ந்த உயரத்தில் இருக்கிறது. இதுவரை அந்த வாதத்துக்குச் சாதகம். மேற்கு அண்டார்டிகாவுக்கு இது செல்லாது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேலே நிலமாக இருந்தது. நிலம் தணிந்தது, பனியும் அரித்தது. இன்று பனியின் அடித்தரை பல இடங்களில் கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் கீழே. அதைக் கரைக்க மேலே வெயில் வேண்டாம், அடியில் நுழையும் இளஞ்சூடான கடல்நீரே போதும்.

கிரீன்லாந்தின் எண் இன்னும் கீழே. வட அரைக்கோளத்தில் பெரும் பனி நிலைத்தது சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கார்பன் டை ஆக்சைடு 400ஐ ஒட்டிய அளவிலிருந்து 280 பக்கம் இறங்கியபோது. கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் 1966இல் 1,390 மீட்டர் பனியைத் துளைத்து, அடியிலிருந்த மண்ணையும் எடுத்தார்கள். அந்த மண் சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன் பனியில்லாமல் வெளியில் கிடந்தது என்று 2023இல் தெரியவந்தது. அப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280ஐ ஒட்டித்தான் இருந்தது.

அண்டார்டிகக் கரையை ஒட்டிக் கடலில் மிதக்கும் ராஸ் பனித்திட்டுக்கு அடியில் 2006-07இல் ஆன்ட்ரில் என்ற துளையிடும் ஆய்வுக் குழு 1,285 மீட்டர் மண் உருளை எடுத்தது. அதில் 50 லட்சம் ஆண்டுக்கும் 30 லட்சம் ஆண்டுக்கும் முற்பட்ட இடைக்காலத்து அடுக்குகளில், பனி அரைத்த கரடுமுரடான கல்மண்ணும், திறந்த கடலில் வாழும் டயாட்டம் பாசி படிந்த மென்மையான அடுக்கும் மாறி மாறி வருகின்றன, சுமார் 40,000 ஆண்டுக்கு ஒருமுறை. மேற்கு அண்டார்டிகப் பனி திரும்பத் திரும்பக் காலியாகி மீண்டும் வளர்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது உச்சத்தில் 400 பிபிஎம் அளவுதான்.