பார்க்லேண்டில் திணறிய வயர்லெஸ்

2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்டில் 17 உயிர்களைப் பறித்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் துப்பாக்கிச் சட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அது அவசியமான பேச்சுதான். ஆனால், அன்று உதவிக்கு ஓடிவந்த காவலர்களுக்கு வயர்லெஸ்கூடக் கைகொடுக்கவில்லை என்பதை விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பார்க்லேண்டின் காவல் பணி, நம் மாவட்டத்தைப் போன்ற பிரவர்ட் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் இருந்தது. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் பக்கத்து நகரமான கோரல் ஸ்பிரிங்ஸின் பொறுப்பு. அதனால் பள்ளியிலிருந்து கைபேசியில் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தால் அன்று கோரல் ஸ்பிரிங்ஸ் கட்டுப்பாட்டு அறையே எடுத்தது. காவலரை அனுப்ப வேண்டுமென்றால் அழைப்பு அங்கிருந்து ஷெரிஃபின் மையத்துக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு கிசுகிசுக்கும் ஒரு பிள்ளை, சொன்னதையே வேறொருவரிடம் மறுபடி சொல்ல நேர்ந்த ஏற்பாடு அது. ஷெரிஃபின் காவலர்களும் உதவிக்கு வந்த கோரல் ஸ்பிரிங்ஸ் காவலர்களும் தனித்தனி வயர்லெஸ் அமைப்புகளில் இருந்ததால், ஒரே வளாகத்தில் நின்றும் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. இரண்டையும் இணைக்க எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. பேசுவோர் பெருகப் பெருகக் கவுண்டியின் பழைய அமைப்பு தாங்காமல் திணறியது. பொத்தானை அழுத்தியும் பேச வழி கிடைக்காத காவலர்கள் கையசைத்துச் சைகையால் தகவல் சொல்ல வேண்டியதாயிற்று.

இது முன்னறிவிப்பின்றி வந்த கோளாறும் அல்ல. 2017 ஜனவரி 6 அன்று ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இதே கவுண்டியின் வயர்லெஸ் இப்படித்தான் திணறியது. அதற்குப் பிறகு 13 மாதங்கள் இருந்தன என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆணையத்தின் அறிக்கைக்குப் பின், 2019-இல் ஃப்ளோரிடா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அழைப்பை எடுக்கும் 911 மையம், களத்தில் நிற்பவர்களோடு வயர்லெஸில் நேரடியாகப் பேச வழி இருக்க வேண்டும். அதற்கான எழுத்துப்பூர்வ ஒப்பந்தங்களை ஒவ்வொரு கவுண்டியிலும் ஷெரிஃப் முன்னின்று ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கோபுரம், கருவி, பட்ஜெட் என நகரமும் கவுண்டியும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே முடிவெடுக்கும் இடத்தில், இரண்டையும் ஒரு கூரையின் கீழ் உட்காரவைக்கும் அதிகாரம் மாநிலச் சட்டத்துக்கே உண்டு.

இதே போன்ற சட்டம் கொண்டுவர நினைக்கும் மாநிலங்கள் கெடு விதிப்பதோடு நிற்காமல், கோபுரங்களுக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவில் சிறிய கவுண்டிகளுக்கான பங்கையும் அதே சட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். இரு ஊர்க் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் ஒரே அலைவரிசையில் ஆண்டுதோறும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதையும், அந்த ஒத்திகையில் கண்ட குறைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.