கோரில் லித்துவேனியா: சின்னத் திருத்தம்

மேலே ஒருவர், "ஆப்கானிஸ்தானில் லித்துவேனியா பெயருக்குச் சில வீரர்களை அனுப்பி, அமெரிக்கத் தலைமையின் கீழ் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறார். இரண்டு பாதியும் சரியில்லை.

ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத் தலைநகர் சக்சரானில் இருந்த மறுசீரமைப்புக் குழுவுக்கு (ராணுவத்தினரும் சிவில் அதிகாரிகளும் சேர்ந்த நேட்டோ குழு) 2005 முதல் 2013 வரை தலைமை தாங்கியதே லித்துவேனியாதான். நேட்டோவில் சேர்ந்தது 2004இல். மறு வருடமே இந்தப் பொறுப்பு. டென்மார்க், குரோவேஷியா, ஐஸ்லாந்து எனப் பிற நாட்டவரும் அதே முகாமில் இருந்தார்கள். அந்தக் குழுவுக்கு மேலதிகாரமாக இருந்தது ஹெராத் நகரில் இத்தாலி நடத்திய மேற்குப் பிராந்தியத் தலைமையகம். அமெரிக்கா நேரடியாக நடத்திய முகாம் அல்ல அது.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம். ராணுவத்தின் முக்கிய வேலை ரோந்து, பாதுகாப்பு, உள்ளூர் போலீசுக்குப் பயிற்சி. வளர்ச்சித் திட்டங்களைப் பார்த்தது லித்துவேனிய வெளியுறவுத் துறையின் தனிக் குழு. ஜப்பானும் 2009இல் நிபுணர்களை அனுப்பியது. மலையும் பனியும் சூழ்ந்த, ஒழுங்கான சாலையே இல்லாத, லித்துவேனியாவின் பாதிக்கும் மேல் பரப்புள்ள மாகாணத்தில் இவ்வளவு சின்னப் படை என்ன சாதித்தது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. எனக்கும் அதில் பெரிய திருப்தி இல்லை. ஆனால் ஆபத்தில்லாத வேலை என்று சொல்லாதீர்கள்: 2008 மே மாதம் சக்சரானில் நடந்த ஆர்ப்பாட்டம் கலவரமாகி, லித்துவேனிய வீரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.