அம்மா மெனுவை வலப்பக்கத்திலிருந்துதான் வாசிப்பாள்

என் அம்மா எந்த ஹோட்டலுக்குப் போனாலும் மெனு கார்டில் முதலில் விலையைத்தான் பார்ப்பாள். அது சரிப்பட்டால்தான் கண் இடப்பக்கம் நகர்ந்து பண்டத்தின் பெயருக்குப் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவளுடைய 65ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பெரிய ஃபைன் டைனிங் ரெஸ்டாரன்டில் டேபிள் புக் பண்ணினேன்.

அங்கே போகவேண்டும் என்று ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தது நான். பிறந்தநாள் அவளுடையது, ஆசை என்னுடையது. நம்மில் பலபேர் இதைச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். செய்துவிட்டு போட்டோவும் போட்டுவிடுகிறோம்.

அன்றைக்கு டேஸ்டிங் மெனு, அதாவது செஃப் முடிவு செய்த பண்டங்கள் சின்னச் சின்னத் தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். பத்து கோர்ஸ், மூன்று மணி நேரம். ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஒரு பையன் பணிவாக நின்று அதில் என்னென்ன இருக்கிறது என்று விளக்கினான். நன்றாகத்தான் சொன்னான், பாவம். ஆனால் அப்பா ஏதாவது பழைய கதையைத் தொடங்குவார், பாதியில் தட்டு வரும், விளக்கம் வரும், நாங்கள் தலையாட்டுவோம், அவன் நகர்ந்ததும் "எங்க விட்டேன்?" என்பார் அப்பா. நாலு தடவை இப்படி ஆனபிறகு அவர் எதையும் தொடங்கவே இல்லை. ஏழாவது கோர்ஸில் அம்மா என் பக்கம் சாய்ந்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த ரெஸ்டாரன்டைக் குறை சொல்ல எதுவுமில்லை. டேஸ்டிங் மெனுவின் இயல்பே அதுதான். ஐரோப்பாவின் பெரிய விருந்துகளில் 19ஆம் நூற்றாண்டு வரை பல பண்டங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். பிரெஞ்சு முறை என்று அதற்குப் பெயர். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை அதற்குப் பிறகுதான் பரவலானது. சூடு ஆறாமல் சாப்பிடலாம், பெரிய வசதி. கூடவே விருந்தின் நேரம் விருந்தாளி கையிலிருந்து சமையலறையின் கைக்குப் போய்விட்டது. செஃப்பின் வித்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. உட்கார்ந்து பேசப் போகிறவர்கள், வேண்டியதை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கும் அ லா கார்ட் மெனுவில் மூன்று பண்டம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் கோட்டை விட்டேன். ரேட்டிங், ரிவ்யூ, விருது எல்லாம் தேடித்தேடிப் படித்தேன். உலகம் மதிக்கும் மிஷலின் நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டயர் கம்பெனி ஒன்று கார் ஓட்டுபவர்களுக்காக 1900இல் தொடங்கிய கையேடு அது. நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது 1926இல். மூன்று நட்சத்திரம் என்றால், அங்கே சாப்பிடுவதற்காகவே பயணம் கிளம்பலாம் என்று அர்த்தம். ஆனால் அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். நாற்காலி முதுகைத் தாங்குமா, பக்கத்து மேசைச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது கேட்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. எனக்கு அன்று வேண்டியிருந்ததோ அந்த இரண்டும்தான்.

போன மாதம் அப்பா அம்மாவுக்கு 40ஆவது கல்யாண நாள். இந்த முறை பெயர்பெற்ற இடம் எதையும் தேடவில்லை. நானும் தம்பியும் ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டிருந்த இடத்துக்கே போனோம். சமையல் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். கல்யாண நாள் சனிக்கிழமை. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு இது கொஞ்சம் வருத்தம், "நாள் தள்ளிப் போயிடுச்சே" என்றார். சனிக்கிழமை இரவில் சமையலறை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், பல இடங்களில் உங்களுக்குப் பிறகு அதே மேசைக்கு இன்னொரு குடும்பம் காத்திருக்கும். காதலர் தினம் மாதிரி நாட்களில் மெனுவையே சுருக்கி ஒரே மாதிரியாக ஆக்கிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை எங்களை யாரும் எழுப்பவில்லை.

புக் பண்ணும்போது போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பெல்லாம் இதற்குக் கூச்சப்படுவேன். பிறகுதான் தெரிந்தது, நல்ல ரெஸ்டாரன்ட்களில் கதவு திறப்பதற்கு முன்பு பணியாளர்கள் கூடி, இன்றைக்கு எந்த மேசைக்கு யார் வருகிறார்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பிறந்தநாள் என்று பேசிக்கொள்வார்கள். நாம் சொன்னால்தானே அதில் நம் பெயர் வரும்? அலர்ஜியை உட்கார்ந்தபிறகு சொல்வது சமையலறைக்குச் செய்யும் கொடுமை. அடிப்படைக் குழம்புகளும் சாஸ்களும் மதியமே தயாராகியிருக்கும்.

சமையலறைக் கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி, சுவரோரம் ஒரு மேசை கேட்டேன். வயதானவர்களுக்கு அமைதியில் நன்றாகக் கேட்கிற காது இரைச்சலில் தடுமாறும். வெளிச்சமும் அப்படித்தான். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்கிவிடும், உள்ளே போகிற ஒளி குறையும். நமக்கு ரம்மியமாக இருக்கிற மெழுகுவர்த்தி வெளிச்சம் அவர்களுக்கு இருட்டு. போன தடவை அம்மா மொபைல் டார்ச் அடித்து மெனு படித்தாள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலைகுனிந்தேன். இப்போது நினைத்தால் தலைகுனிந்ததற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டேன். விலை போடாத மெனு கிடைக்குமா?

பழைய பாணி உணவகங்கள் சிலவற்றில் இந்த வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் பெண்களுக்கு என்றே அப்படி ஒரு கார்டு கொடுப்பார்கள், விலை போட்டது ஆண் கையில் மட்டும் இருக்கும். அந்தப் புத்தி எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் விருந்து கொடுப்பவர், தன் விருந்தாளிகள் எல்லோருக்கும், ஆண் பெண் பார்க்காமல் கேட்டு வாங்கினால் நல்ல தந்திரம். அவர்களிடம் அப்படி அச்சடித்தது இல்லை, ஆனால் இரண்டு தாளில் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்கள். அம்மா வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மெனுவை இடப்பக்கத்திலிருந்து வாசித்தாள்.

பில்லையும் மேசைக்கு வரவிடவில்லை. தம்பி கை கழுவப் போகிற சாக்கில் போய்க் கட்டிவிட்டு வந்தான். உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. சில்லென்ற நீரில் 60 நொடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 நொடி, கூடவே நீரை லேசாகச் சூடாக்கி இன்னும் 30 நொடி. மறுபடி செய்வதென்றால் எது என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்டதைத்தான் சொன்னார்கள், முடிவு சற்று இதமாக இருந்ததால். விருந்தின் கடைசிக் காட்சி அம்மா பில்லை எட்டிப் பார்ப்பதாக இருந்தால் அவள் மனதில் தங்குவது அந்த எண்தான்.

கேக், மெழுகுவர்த்தி, பணியாளர்கள் சூழ்ந்து பாட்டு, எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு நாலுபேர் திரும்பிப் பார்த்தாலே வேர்த்துவிடும். இனிப்புத் தட்டின் ஓரத்தில் சாக்லேட்டில் '40' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தன்று செருப்பு தொலைந்த கதையை ஆரம்பித்தார். நாங்கள் நூறு தடவை கேட்ட கதை. இந்த முறை யாரும் குறுக்கே வரவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தார். முடிவில் ஒரு திருத்தம் இருந்தது. செருப்பைத் தொலைத்தது அம்மாவாம், இத்தனை வருடம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தாராம். அம்மா மறுக்கவில்லை.

வெளியே வந்து கார் வருவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டாள், "எவ்வளவுடி ஆச்சு?" நான் இன்னும் சொல்லவில்லை. தம்பியைத்தான் நம்பமுடியாது.