ஸ்க்ரூ அடிக்க எதுக்கு லைசென்ஸ்னு கேட்ட அண்ணனுக்கு

சனிக்கிழமை சான் ஹோசே பர்த்டே பார்ட்டில நடந்தது அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். ஜன்னல்ல பிளைண்ட்ஸ், அதான் திரை மாதிரி மறைப்பு, மாட்டுறதுக்கு ஒரு பரீட்சையா, அதுக்கு ஒருத்தன் ராத்திரி முழிச்சுப் படிக்கிறானானு அந்த அண்ணன் கேட்க, எல்லாரும் சிரிச்சீங்க. அடுத்தவங்க வீட்டு விசேஷம்னு வாயை மூடிட்டு வந்துட்டேன். இப்ப சொல்றேன்.

நான் ஸ்க்ரூ அடிக்கப் படிக்கல. கலிஃபோர்னியால பிளைண்ட்ஸ், ஷேட்ஸ் போடுற கான்ட்ராக்டருக்கு சி-61, டி-52 லைசென்ஸ். அதுக்கு தொழில் பரீட்சையே கிடையாது, சட்டமும் பிசினஸும் பத்தின பரீட்சை மட்டும்தான். அட்வான்ஸ்னு 10 சதவீதமோ 1000 டாலரோ, எது கம்மியோ அதுக்கு மேல கஸ்டமர்கிட்ட வாங்கக்கூடாது. ஆள் வச்சா, வேலையில அடிபட்டா ஈடு குடுக்கிற வொர்க்கர்ஸ் காம்ப் இன்சூரன்ஸ் எடுக்கணும். லைசென்ஸுக்கு 25,000 டாலர் பாண்டு, அதாவது உத்தரவாதப் பத்திரம், குடுக்கணும். இதெல்லாம் யாரைக் காப்பாத்த? உங்களைத்தான் அண்ணே.

அப்ப வேலை தெரியுமான்னு யார் பாக்குறாங்கன்னு கேப்பீங்க. கடைசி 10 வருஷத்துல 4 வருஷம் கை தேர்ந்த ஆளா வேலை செஞ்சிருக்கணும், அதை விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லணும். அந்த வருஷங்களை நான் ஏணி மேல நின்னு கழிச்சவன்.

சின்ன வேலைக்கு லைசென்ஸ் வேண்டாமேன்னு இன்னொருத்தர் சொன்னார். 2025 ஜனவரில இருந்து அந்த லிமிட் 500ல இருந்து 1000 டாலர் ஆச்சு, சரி. ஆனா அது கூலியும் பொருளும் சேர்த்து, ஹால்ல மோட்டார் ஷேட்ஸ் போட்டாலே தாண்டிரும். உடனே ரெண்டு பில்லாப் பிரிச்சுக் குடுங்கன்னு கேக்குறீங்க, அதுவும் சட்டப்படி தப்பு.

நான் முன்னாடி வேலை பார்த்த ஓனருக்கு லைசென்ஸ் இல்ல. ஒரு வீடு முழுக்க வேலை முடிச்சுக் குடுத்தோம், அந்த வீட்டுக்காரர் மீதிப் பணத்தைத் தர முடியாதுன்னுட்டார். லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டர் கூலி கேட்டு கேஸே போட முடியாது, வாங்கின பணத்தையும் கஸ்டமர் திருப்பிக் கேக்கலாம்னு வக்கீல் சொன்னப்ப ஓனர் முகத்தைப் பார்க்க முடியல, எங்க சம்பளமும் அதோட போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், எனக்குன்னு ஒரு லைசென்ஸ் இல்லாம தனியா வேலை எடுக்க மாட்டேன்னு.

இது வெறும் துணின்னு நினைக்காதீங்க. பிளைண்ட்ஸ் கயிறு கழுத்துல சுத்தி இந்த நாட்டுல வருஷத்துக்கு சராசரியா 9 சின்னக் குழந்தைங்க செத்திருக்காங்கன்னு அரசாங்கமே சொல்லுது. உங்க வீட்டுலயும் தவழுற குழந்தை இருக்கு.

உங்கள்ல ஒருத்தர் கிளவுட் சர்டிஃபிகேஷனுக்கு ராத்திரி படிச்சா லிங்க்டின்ல வாழ்த்து குவியுது. நான் படிச்சா சிரிப்பு. டிரில் மெஷின் பிடிக்கிறவனுக்குப் படிப்பு எதுக்குன்னு தோணுதுல்ல, அதுதான் வலிக்குது. எங்கிட்ட நம்மாளுங்க முதல்ல கேக்குறது லைசென்ஸ் நம்பர் இல்ல, கேஷா குடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னுதான். பாஸ் பண்ணின பிறகும் கேப்பீங்க. குறைக்க மாட்டேன்.