வட்டார வழக்கு ஒரு தடையா?
வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்கள் அந்தந்த வட்டாரத்தாருக்கு மட்டுமே முழுமையாக எட்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. தஞ்சைப் பகுதியில் பிறந்து முதுகலைத் தமிழ் பயிலும் நான், அண்மையில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவலைப் படித்தபோது, முதல் சில பக்கங்களில் குமரி மாவட்டப் பேச்சு சற்றுத் தடுக்கியது உண்மைதான். ஆனால் வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்ட லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜின் மீது கொண்ட அன்பை வெளியே சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் பகுதிகளுக்கு வந்தபோது, அந்தப் பேச்சே அவளது வீட்டின் சுவர்களையும் முற்றத்தையும் என் கண்முன் நிறுத்தியது. பொதுத் தமிழில் எழுதியிருந்தால் லிஸியின் தாத்தா கண்ணப்பச்சியின் குரல் இத்தனை நாள் என் காதில் நின்றிருக்காது. பூமணியின் ‘வெக்கை’யும் (1982) அப்படித்தான். கொலை செய்துவிட்டுத் தந்தையோடு மறைந்து திரியும் 15 வயதுச் சிதம்பரத்தின் கதையில், பழிவாங்கலைவிட, அடுத்த வேளைச் சோற்றையும் படுக்க இடத்தையும் பற்றி அவ்விருவரும் கரிசல் மண் பகுதியின் பேச்சு வழக்கில் பேசிக்கொள்வதே என்னை மிகவும் கலங்க வைத்தது. இத்தகைய நூல்களுக்குப் பின்னிணைப்பாகச் சொற்பொருள் பட்டியல் வேண்டும் என்று அக்கட்டுரைக்கு மறுமொழியாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது இருப்பதில் தவறில்லை, ஆயினும் முதல் வாசிப்பில் அதைப் புரட்டாமல் படிப்பதையே நான் விரும்புவேன், ஏனெனில் புரியாத சொற்களில் பெரும்பாலானவை பத்துப் பக்கங்களுக்குள் இடம் நோக்கித் தாமே விளங்கிவிட்டன.