ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் பேட்டரி நிரம்பிவிடுமா?

"நிறுத்தி வைத்த காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தாலே பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகிவிடும்" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறானது.

பெட்ரோல், டீசல் கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது, எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து சுழலும் ஆல்டர்னேட்டர். ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிக்குள் மின்னோட்டம் செல்வதற்காக, ரெகுலேட்டர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைப் பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி வைத்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுத்தாலும், அது ஓரிரு நொடிகளே நீடிப்பதால் அந்த இழப்பு சிறியதுதான்.

பலரும் கவனிக்கத் தவறுவது, கார் நிற்கும்போது ஏற்படும் இழப்பையே. அலாரமும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் 30 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுப்பதாகக் கொண்டாலும், ஒரு வாரத்தில் சுமார் 5 ஆம்பியர்-மணி (பேட்டரியில் சேரும் மின்னின் அளவைச் சொல்லும் அலகு) கரைந்துவிடும். ஐடிலில், அதாவது கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுழல்கிறது. விளக்கு, ஏசி போக பேட்டரிக்கு 10 ஆம்பியர் கிடைத்தாலும், ஐந்து நிமிடத்தில் 1 ஆம்பியர்-மணிகூடச் சேராது. மேலும், நிரம்ப நிரம்ப, கார்களில் உள்ள லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி மின்னோட்டத்தை ஏற்கும் வேகம் குறைவதால், கடைசிப் பகுதி நிரம்பப் பல மணி நேரம் ஆகும். அரைகுறைச் சார்ஜிலேயே நீண்ட நாள் கிடந்தால், தகடுகளில் லெட் சல்பேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவே குறைந்துவிடும்.

ஆகவே வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்கு மேல் சீரான வேகத்தில் ஓட்டுவதோ, தானியங்கிச் சார்ஜரை இணைப்பதோதான் பயன் தரும். மூடிய கேரேஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.