பூனைக்கு நாய்க் கட்டணம்

(படுக்கை, குளியலறையெல்லாம் உள்ள வாடகைக் கேரவன் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடம். பாபு கையில் படிவம். மாலதி கையில் காலிக் கூண்டு.)

பாபு: நாய் எத்தனை கிலோ மேடம்?

மாலதி: பூனை தம்பி.

பாபு: சரி, பூனை. படிவத்துல நாய் எத்தனை கிலோன்னுதான் கேட்டிருக்கு.

மாலதி: நாலு கிலோ.

பாபு: (எழுதிக்கொண்டே) சின்ன நாய். அடிக்கடி குரைக்குமா?

மாலதி: எங்க வீட்டுக்காரர் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கத்தும். நானும் சேர்ந்து கத்துவேன். அதுக்கு எந்தக் கட்டம்?

பாபு: எங்களுக்கு எல்லாக் கட்டமும் நிரம்பணும் மேடம், அவ்வளவுதான். ஓடும்போது கூண்டுல வச்சீங்களா?

மாலதி: வச்சு, கூண்டுக்கு சீட் பெல்ட்டும் போட்டோம். அவுத்து விட்டா நேரா பிரேக் பெடலுக்கு அடியில போய்ச் சுருண்டுக்கும்.

பாபு: வெளிய நடக்கக் கூட்டிட்டுப் போகும்போது கயிறு?

மாலதி: கட்டினோம். கட்டின உடனே செத்த மாதிரி விழுந்து கிடந்துது. நடக்கவெல்லாம் இல்லை. கூட்டிட்டுப் போகல, இழுத்துட்டுப் போனோம். பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் எங்களைப் பார்த்த பார்வை இருக்கே!

பாபு: அது கக்கூஸ் போற மண் தட்டு எங்க வச்சிருந்தீங்க?

மாலதி: ஷவர்ல.

பாபு: அப்ப நீங்க எங்க குளிச்சீங்க?

மாலதி: முகாம்ல பொதுக் குளியலறை இருக்கே, அங்க வரிசையில நின்னு. அட்டாச்டு பாத்ரூம் அதுக்கு, பொது பாத்ரூம் எங்களுக்கு.

பாபு: அந்த மண்ணை டாய்லெட்ல கொட்டிட்டீங்களா?

மாலதி: ஈரம் பட்டா உருண்டை உருண்டையா இறுகற மண்ணு தம்பி அது. கழிவுத் தொட்டியில போனா குழாயே அடைச்சுக்கும். பையில கட்டிக் குப்பையில போட்டாச்சு.

பாபு: (கொஞ்சம் ஏமாற்றத்தோடு) ஓ.

(அந்தக் கட்டத்துக்கு நல்ல அபராதம் இருந்திருக்க வேண்டும். வருத்தமாக அடுத்ததற்குப் போகிறார்.)

பாபு: சோபாவுல முடி இருக்கு. சுத்தம் செய்யற கட்டணம் உண்டு.

மாலதி: முடி என்ன கலர்?

பாபு: வெள்ளை.

மாலதி: எங்க பூனை என்ன கலர்?

பாபு: படிவத்துல கலர் கேக்கல.

மாலதி: கன்னங்கரேல்னு கறுப்பு. இந்தாங்க, வண்டியை எடுக்கும்போதே பிடிச்ச வீடியோ. தேதி, நேரம் எல்லாம் இருக்கு. அதே சோபா, அதே வெள்ளை முடி. எங்களுக்கு முன்னாடி இதுல ஒரு நாய் போயிருக்கு.

பாபு: அப்ப நாய் இருந்ததை ஒத்துக்கறீங்க?

மாலதி: தம்பி!

பாபு: இல்ல மேடம், பின்னாடி வர்றவங்களுக்கு அலர்ஜி இருக்கும். அதுக்குத்தான் கட்டணம்.

மாலதி: அதை நான் தப்பே சொல்ல மாட்டேன். பூனையோட எச்சில்லயும் தோல்லயும் இருக்கற புரதம் முடியோட சேர்ந்து துணியில ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல கிடக்கும். ஒருத்தருக்கு மூச்சே இழுக்கலாம். காசு வாங்குங்க. வாங்கிட்டு சுத்தமும் பண்ணுங்க. நாய்க்காரர்கிட்டயும் வாங்கியிருப்பீங்க, அதே முடியைக் காட்டி என்கிட்டயும் கேக்கறீங்க. அந்த முடி உங்ககிட்ட மாசச் சம்பளத்துல வேலை பாக்குதா?

பாபு: (காதில் விழாதது போல்) வெளிப்பக்கம் ஒரு கீறல். பிராணிச் சேதம்னு போடறேன்.

மாலதி: எங்க?

பாபு: கூரை ஓரம்.

மாலதி: தரையில இருந்து 10 அடி!

பாபு: பூனை ஏறும்ல மேடம்?

மாலதி: ஏறும். ஏறின இடத்துல மஞ்சள் பெயிண்ட் பூசிட்டு வராது. இது பார்க்கிங் வாசல்ல குறுக்கே போட்டிருக்கற கம்பி இடிச்ச தடம். வீடியோவுல இதுவும் இருக்கு.

பாபு: நாய்னா ஏறாது. பூனைங்கறதாலதான் சந்தேகம்.

மாலதி: இப்ப மட்டும் பூனையா?

பாபு: (பேச்சை மாற்றி உள்ளே ஏறுகிறார்) உள்ள இடம் பெருசாக வெளிய தள்ளி வச்சிருக்கற பக்கச் சுவரை உள்ள இழுத்துப் பார்த்துட்டா முடிஞ்சுது. இந்தப் பட்டன்தானே…

மாலதி: கையை எடுங்க! கையை எடுங்க! பூனை உள்ளதான் இருக்கு!

பாபு: உள்ள எங்க?

மாலதி: தெரிஞ்சா நான் ஏன் காலிக் கூண்டோட நிக்கறேன்? டிராயருக்குப் பின்னாடியோ, மேஜைக்கு அடியிலயோ. தலை நுழையற சந்து இருந்தா போதும் அதுக்கு. சுவர் உள்ள வந்துதுன்னா நசுங்கிடும்.

பாபு: எனக்கு யாரும் சொல்லலையே.

மாலதி: எங்களுக்கும்தான் யாரும் சொல்லல. இந்த ஒப்பந்தத்துல மெத்தை கிழிஞ்சா எவ்வளவு, திரை கிழிஞ்சா எவ்வளவுன்னு பக்கம் பக்கமாப் போட்டிருக்கீங்க. பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி பிராணி எங்கன்னு பாருன்னு ஒரு வரி கிடையாது. வெளிக் கரண்ட் போனா ஏசி நின்னுடும், வெயில்ல மூடி வச்ச வண்டி பத்தே நிமிஷத்துல 10 டிகிரி ஏறிடும், உள்ள விட்டுட்டுப் போகாதேன்னு ஒரு வரி கிடையாது. பிராணி விதிகள்னு தலைப்பு, உள்ள பூரா மெத்தை விதிகள்.

பாபு: மெத்தைக்கு இன்சூரன்ஸ் இல்ல மேடம்.

(இதை அவர் விளக்கமாகத்தான் சொன்னார்.)

மாலதி: வெளிய வாங்க. கதவைச் சாத்துங்க. சத்தம் போடாதீங்க.

பாபு: எப்ப வரும் அது?

மாலதி: கூப்பிட்டா வராது. தேடினா இன்னும் உள்ள போகும். நாம காத்துக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சா வரவே வராது. ஒரு நாற்காலி போடுங்க.

பாபு: நேரம் தாண்டிட்டா மணிக்கு இவ்வளவுன்னு தாமதக் கட்டணம் ஏறும் மேடம்.

மாலதி: தாராளமா ஏறட்டும். நான் சாவியைக் கொடுத்துட்டேன், நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீங்க. இப்ப வண்டி யார் கையில இருக்கோ அவங்ககிட்ட போய்க் கேளுங்க.